பவளத்துக்குப் பழுப்புதான் அழகு

மன்னார் வளைகுடாவுக்குச் சுற்றுலா போய் வந்த கொடைக்கானல் மாணவி ஒருவர் கேட்கிறார்: “கண்ணாடி பதித்த படகில் போய்ப் பார்த்தோம், சார். படத்தில் வருவதுபோல் வண்ணமே இல்லை. பவளப்பாறை எல்லாம் பழுப்பாகக் கிடந்தது. செத்துப்போய்விட்டதா?”

இல்லை. நீங்கள் பார்த்தது பசியில்லாத பவளம். வெள்ளைவெளேரென்று இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில், 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா அது. பவளம் ஒரு விலங்கு, ஜெல்லிமீனுக்கு உறவு, தன் அடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே வளரும் என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பழுப்பு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கதை.

அதற்கு உங்கள் ஊர்ச் சோலை மரங்களைப் பாருங்கள். பட்டையில் சாம்பல் நிறத்தில் சுருண்டு ஒட்டியிருக்கும் கல்பாசி, பெயரில் பாசி என்றாலும், பாசியைத் தனக்குள் குடிவைத்த பூஞ்சை. (காட்டில் பிய்க்க வேண்டாம்; பிரியாணிக்கு வாங்கியது அஞ்சறைப் பெட்டியில் இருக்கும்.) ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்தால் சாம்பல் மங்கிப் பச்சை தெரியும். ஈரத்தில் மேல்தோல் ஒளியை ஊடுருவ விடுவதால், உள்ளே இருக்கும் பாசி வெளித் தெரிகிறது. பவளத்தின் சதையோ எப்போதுமே கண்ணாடிபோலத்தான். அதற்குள் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் பத்து லட்சம் பாசி செல்கள். பழுப்பு அவற்றின் நிறம்.

குடியிருப்பு என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு பாசியும் பவளத்தின் செல்லுக்குள், ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. விழுங்கிய இரையைச் செரிக்கும் பைக்கு நெருங்கிய உறவு அந்தப் பை. பாசி மட்டும் செரிக்காமல் தப்பிக்கொள்கிறது. பவளம் அந்தப் பைக்குள் ஓயாமல் அமிலத்தைத் தள்ளுகிறது. எலுமிச்சைச் சாறு அளவுக்கு இல்லாவிட்டாலும், தக்காளிச் சாறு அளவுக்குப் புளிப்பு! பாசியைக் கொல்வதற்கல்ல. கடல்நீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், அமிலம் பட்டதும் கார்பன் டை ஆக்சைடாக மாறுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு அதுதானே மூலப்பொருள்? செரிக்க உதவும் அதே வித்தையைக் கொண்டு, விருந்தாளிக்குச் சமைத்துப் போடுகிறது பவளம். பாசி தான் தயாரித்த சர்க்கரையில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

செவ்வாய் தோஷத்துக்கு என்று மோதிரத்தில் பதிக்கும் செம்பவளம் வேறு சாதி. மத்தியதரைக் கடலின் மங்கலான வெளிச்சத்தில், பாசியின் துணையில்லாமல் வளர்வது. செவ்வாய்க் கிரகத்தோடு அதற்கு நிறத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோடையில் கடல் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரங்கள் அப்படியே நின்றால், பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் பெருகுகின்றன. பவளம் பாசியை வெளியேற்றுகிறது. கண்ணாடிச் சதை வழியே சுண்ணாம்பு தெரிகிறது. இதுதான் வெளிறுதல், மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் நடந்தது. இதைக் கண்டுபிடிக்க ஆண்டுதோறும் அதே இடத்தில் மூழ்கி எண்ண ஆள் வேண்டும். பெரிய கருவிக்கு ரிப்பன் வெட்டக் கிடைக்கும் உற்சாகம், இந்த எண்ணும் வேலைக்குப் பணம் ஒதுக்கும்போது கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

வெளிறிய பவளம் உடனே சாவதில்லை, பட்டினி கிடக்கும். வெப்பம் சீக்கிரம் தணிந்தால் மிச்சமிருக்கும் பாசி பெருகி மறுபடி பழுப்பேறும். சில நேரம் வெப்பம் தாங்கும் வேறு வகைப் பாசி குடியேறும். ஆனால் அது கொஞ்சம் கஞ்சம். சர்க்கரையைக் குறைவாகத்தான் கொடுக்கும். பவளம் பிழைத்துக்கொள்ளும், வளர்வது மட்டும் மெதுவாகிவிடும்.