சூதுபவளம்: கார்னீலியனின் தமிழ்ப் பெயர்

சென்னை மண்ணடியில் வெள்ளி மோதிரத்தில் பதித்துத் தரும் அந்தச் செங்கல்லை 'அகீக்' என்பார்கள். சௌகார்பேட்டைப் பக்கம் போனால் அதுவே 'ஹகீக்'. இரண்டுக்கும் வேர் ஒரே அரபிச் சொல். அகழாய்வுச் செய்தியில் அதே கல் 'கார்னீலியன்' ஆகிவிடும். தமிழில் இதற்குச் சூதுபவளம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. நம் தொல்லியல் துறையும் அப்படித்தான் எழுதுகிறது. புதுச் சொல் கட்ட வேண்டிய வேலையே இல்லை.

கார்னீலியன் லத்தீன் வழி வந்தது. கார்னல் என்ற செந்நிறப் பழத்தின் பெயரால் முதலில் 'கோர்னீலியன்' என்றே வழங்கியது. பிறகு சதையைக் குறிக்கும் 'கார்ன்' என்ற லத்தீன் வேரோடு குழம்பி, முதலெழுத்து மாறிவிட்டது.

நம் பக்கக் குழப்பம் வேறு. எழுதும் அவசரத்தில் 'சூது' உதிர்ந்துபோய், சிந்துவெளி மக்கள் 'பவள மாலை' அணிந்தார்கள் என்று அச்சாகிவிடுகிறது. பவளம் கடலில் சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணக்கூடு. வடமொழிப் பிரவாளத்தோடு உறவுள்ள சொல் அது. சங்கப் பாட்டில் அதற்குத் துகிர் என்றும் பெயர் உண்டு: 'தென்கடல் முத்தும் குணகடல் துகிரும்' என்கிறது பட்டினப்பாலை. சென்னைப் பவளக்காரத் தெருவின் பெயரில் இருப்பதும் இந்தக் கடல் பவளம்தான். 17ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து இறக்கி, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப்போன யூத வணிகர்கள் சென்னையில் இருந்தார்கள். சூதுபவளத்துக்கும் அந்தத் தெருவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சூதுபவளம் குவார்ட்ஸ் வகைக் கல். அதன் சிவப்பு, உள்ளே இருக்கும் இரும்பு கொடுத்தது. குஜராத்தின் ரத்தன்பூரில் தோண்டும்போது பெரும்பாலும் மங்கலாகத்தான் இருக்கும். வெயிலில் காயவைத்து, பானையில் இட்டு, வறட்டி நெருப்பில் சுட்டால்தான் அந்தச் செம்மை ஏறும். அதே குஜராத்தின் கம்பாத்துக் கைவினைஞர்களிடம் இந்த முறை இன்றும் இருக்கிறது. ஹரப்பாக்காரர்களும் சுட்டுத்தான் நிறமேற்றினார்கள்.

துளைபோடுவதுதான் பெரும்பாடு. அதற்கென்றே ஒரு கடினக் கல்லைத் துளையூசியாக்கினார்கள். அப்படியும் ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான் இறங்கும் என்று சோதித்துப் பார்த்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 10 சென்டிமீட்டர் மணி என்றால் துளைக்கு மட்டுமே 40 மணி நேரம். கராச்சி அருகே அல்லாதினோ என்ற சிந்துவெளிக் கால ஊரில் இப்படிப்பட்ட நீள மணிகள் 36 கோத்த இடையணி ஒன்று கிடைத்தது. அந்த மேகலையை அணிந்தவர் சாதாரண ஆளாக இருந்திருக்க முடியாது! ஈராக்கில் 'ஊர்' (Ur) என்ற பெயருள்ள பண்டைய நகரத்தின் அரச கல்லறைகள் வரை இந்த மணிகள் போயிருக்கின்றன.

சில மணிகளில் வெள்ளைக் கோலம் இருக்கும். அது செதுக்கியதோ பூசியதோ இல்லை. சலவைச் சோடாவைச் செடிச் சாற்றில் குழைத்து, கல்லின்மேல் கோடு இழுத்துச் சுட்டால் அந்த இடம் வெளுத்துவிடும். சிந்து மாகாணத்தின் சேவானில் ஒரு முதியவர் இதைச் செய்துகாட்ட, தொல்லியலாளர் எர்னஸ்ட் மக்கே 1933இல் எழுதிவைத்தார். இந்த வகையை 'வெண்கோட்டுச் சூதுபவளம்' எனலாம். 'பொறித்த' என்று எழுதினால் உளிவேலை என்று எண்ணத் தோன்றும். வெம்பக்கோட்டையில் கிடைத்த, காளை உருவம் குடைந்த கல்லுக்கு வேண்டுமானால் 'பொறித்த' பொருந்தும். கொடுமணலிலும் கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன.

கடையில் பவளம் என்று நீட்டினால் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி உள்ளே ஊடுருவிச் செந்தேன் நிறத்தில் தெரிந்தால் சூதுபவளம். கடல் பவளம் ஒளியை விடாது. வினிகர் பட்டால் நுரைக்கும் என்பதும் உண்மைதான், ஆனால் வாங்கிய பவளத்தில் அதைச் செய்யாதீர்கள், மெருகு போய்விடும். நவரத்தினத்தில் இடம்பிடித்தது கடல் பவளம் மட்டுமே. அந்த விலையைச் சூதுபவளத்துக்குக் கொடுத்துவிட வேண்டாம்.