சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய கெர்னல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அண்ணன் வீட்டு மாடி. பழைய லேப்டாப்புக்கென்று நாங்களே தொகுத்த லினக்ஸ் கெர்னலை முதன்முறையாகத் துவக்கினோம். திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, 'கெர்னல் பேனிக்' என்ற வரியோடு நின்றுவிட்டன. இயங்குதளத்தின் கோப்புகள் இருக்கும் ரூட் பகுதியை வட்டிலிருந்து ஏற்ற முடியவில்லையாம்.

"சித்தப்பா, டிஸ்க் உள்ளதான இருக்கு? ஏன் தெரியலங்குது?" என்றாள் அண்ணன் மகள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் புரிந்தாலே கெர்னல் பாதி புரிந்த மாதிரிதான்.

எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், பிராசஸர் அடுத்து யாருடைய வேலையைச் செய்வது, வட்டில் எதைப் படிப்பது என்பதையெல்லாம் தீர்மானிப்பது கெர்னல். 1991இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட முதல் லினக்ஸ் கெர்னல் சுமார் 10,000 வரிகள். இன்று 3 கோடியைத் தாண்டிவிட்டது. பாதிக்கு மேல் டிரைவர்கள், அதாவது வன்பொருள்களை இயக்கும் நிரல்கள். நம் லேப்டாப்புக்கு அதில் சொற்பம் போதும்.

எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்க 'மேக் மெனுகான்ஃபிக்' என்று கொடுத்தால் நீலத் திரையில் பட்டியல் விரியும். பெரும்பாலான டிரைவர்களுக்கு மூன்று பதில்கள் உண்டு. 'ஒய்' என்றால் கெர்னலோடு ஒட்டியே வரும். 'எம்' என்றால் தனி மாட்யூலாக வட்டில் கிடந்து, தேவைப்படும்போது ஏறும். 'என்' என்றால் கிடையாது. கேள்விகளோ ஆயிரக்கணக்கில். அதனால் 'லோக்கல்மாட்கான்ஃபிக்' வழியாகப் போனோம். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அது கழித்துவிடும்.

சிக்கல் எங்கே? வட்டைப் பேசவைக்கும் ஏஹெச்சிஐ டிரைவரும், கோப்புகளைப் படிக்கும் எக்ஸ்ட்4ம் 'எம்' ஆக இருந்தன. அதாவது, வட்டைத் திறக்கும் சாவி வட்டுக்குள்ளேயே!

"அப்ப கெர்னலே எப்படி வட்டுலேருந்து வந்துச்சு?" விடவில்லை அவள். அதைக் கொண்டுவந்தது கிரப் என்ற துவக்க நிரல். அது தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் பயாஸின் துணையோடு வட்டைப் படித்து, கெர்னலை நினைவகத்தில் இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதன்பிறகு கெர்னல் தன் சொந்த டிரைவரோடுதான் வட்டைத் தொட வேண்டும். உபுண்டு, டெபியன் போன்றவை இதற்காகவே 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற சிறு மூட்டையில் அவசர மாட்யூல்களைக் கட்டி, கிரப் கையிலேயே கொடுத்துவிடுகின்றன. நாங்கள் அந்த மூட்டையைக் கட்டவே இல்லை.

பயமில்லை, பழைய கெர்னல் கிரப் பட்டியலில் அப்படியே இருந்தது. அதில் நுழைந்து, இரண்டையும் 'ஒய்' ஆக்கி, மறுபடி தொகுக்க 'மேக் -ஜே4' கொடுத்தோம். முதல் தடவை ஒரு மணி நேரத்துக்கு மேல் மூச்சுவாங்கிய லேப்டாப், இப்போது மாறியதை மட்டும் தொகுத்துச் சீக்கிரமே முடித்தது.

மறுபடி துவக்கினோம். லாகின் வந்தது. ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் 'யூநேம் -ஆர்' தட்டினாள்; பதிப்பு எண்ணின் வாலில் நாங்கள் சேர்த்திருந்த 'கடலூர்'. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

பிறகு பென்டிரைவைச் செருகினாள். அசைவே இல்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் ஓடியபோது பென்டிரைவ் அவள் பைக்குள் அல்லவா இருந்தது! அவளே மெனுவைத் திறந்து, யூஎஸ்பி ஸ்டோரேஜைத் தேடி, 'எம்' போட்டாள்.