மொழியியல்: ஒரு துறைப்பெயரின் பொருளும் வரலாறும்

இலக்கணம், மொழிநூல், மொழியியல் என்னும் மூன்று சொற்களையும் ஒன்றுக்கொன்று மாற்றாக எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. அகராதிகள் சிலவும் இவற்றை ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாகவே தருகின்றன. ஆனால் மொழி என்னும் ஒரே பொருளை மூன்று வெவ்வேறு கேள்விகளோடு அணுகியவர்கள் வைத்த பெயர்கள் இவை. எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே எந்தச் சொல் பொருந்தும் என்பதும் அமையும்.

முதற்கண் 'மொழி'. இது 'மொழிதல்', அதாவது சொல்லுதல், என்னும் வினையோடு தொடர்புடையது. இலக்கண நூல்களில் இதற்குச் 'சொல்' என்னும் பொருளே பெருவழக்கு. ஓரெழுத்தொருமொழி, தொடர்மொழி, நிலைமொழி, வருமொழி ஆகியவற்றில் உள்ள 'மொழி' தனிச் சொல்லையே குறிக்கிறது. எனினும் 'மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்' என்று குறுந்தொகையின் 11ஆம் பாடல் கூறும்போது, அங்கே மொழி என்பது ஒரு மக்கள் பேசும் பேச்சு முழுவதையும் குறித்துவிடுகிறது. கட்டி என்னும் தலைவனின் நாட்டுக்கு அப்பால், பேச்சு மாறிவிடும் நாட்டைப் பற்றிய பாட்டு அது. ஆகவே இரு பொருளும் பழமையானவைதாம். இன்று முதற்பொருள் இலக்கண வகுப்போடு நின்றுவிட, இரண்டாவது பொருளே நம் காதில் முதலில் விழுகிறது.

அடுத்து, பின்னொட்டாக வரும் 'நூலும்' 'இயலும்'. பழந்தமிழில் நூல் என்பது புத்தகத்தை மட்டும் குறிக்கவில்லை. ஒழுங்குபடுத்தப்பட்ட அறிவுத்துறை முழுவதற்கும் அது பெயராக நின்றது. வானநூல், உளநூல் என்று சென்ற நூற்றாண்டில் எழுதியவர்கள் அந்த மரபையே பின்பற்றினர். நூலின் இலக்கணத்தைச் சொல்லவந்த நன்னூலார், மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலோடு அதை ஒப்பிட்டு, 'மாந்தர் மனக்கோட்டம் தீர்க்குநூல் மாண்பு' என்றார். கோணலை நிமிர்த்துவது நூலின் வேலை என்றால், எது நேர், எது கோணல் என்பது முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். 'இயல்' அப்படியன்று; அதன் பொருள் தன்மை, உள்ளபடி இருக்கும் நிலை. மொழியை நெறிப்படுத்தப் புறப்படுவதற்கும் அது இயங்கும் விதத்தை அறியப் புறப்படுவதற்கும் இடையே உள்ள தொலைவை இவ்விரு பின்னொட்டுகளே காட்டிவிடுகின்றன. இயற்பியல், வேதியியல் என எல்லாத் துறைகளுக்கும் 'இயல்' பொதுவாகிவிட்டதால் வந்த மாற்றமே இது என்று ஒருவர் வாதிடலாம். அது உண்மையே ஆயினும், இந்தத் துறையைப் பொறுத்தமட்டில் அந்த மாற்றம் மிகப் பொருத்தமாக வாய்த்துவிட்டது என்பது என் கருத்து.

மேலைநாட்டிலும் இத்துறைக்கு இரு பெயர்கள் உண்டு. 'பிலாலஜி' கிரேக்கச் சொற்களால் ஆனது. சொல்லின்மீதும் கல்வியின்மீதும் கொண்ட பற்று என்பது அதன் பொருள். 'லிங்விஸ்டிக்ஸ்' என்பது நாக்கையும் மொழியையும் ஒருசேரக் குறிக்கும் 'லிங்குவா' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முதலாவது, பழஞ்சுவடிகளையும் இலக்கியங்களையும் கற்றவர்களின் சொல். அவர்கள் கையில்தான் மொழிகளை ஒப்பிடும் ஆய்வு வளர்ந்தது. 1786இல் கல்கத்தாவில் ஆற்றிய உரையில், சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரு பொது மூலத்திலிருந்து தோன்றியிருக்க வேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கூறினார். தென்னிந்திய மொழிகள் அந்தக் குடும்பத்தைச் சேராமல் தமக்குள் ஓரினமாக நிற்பதை 1816இல் சென்னையில் பணியாற்றிய ஆங்கில அதிகாரி எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856இல் வெளிவந்த கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் அதை விரிவாக நிறுவியது.

இந்த ஆய்வு எதைச் சான்றாகக் கொள்கிறது என்பதற்குச் சிறிய எடுத்துக்காட்டு போதும். தமிழில் பால், பல், பத்து, புலி என்று நாம் சொல்பவை கன்னடத்தில் ஹாலு, ஹல்லு, ஹத்து, ஹுலி என வழங்குகின்றன. இரு மொழிகளில் இரண்டு சொற்கள் ஒலியால் ஒத்திருப்பது தற்செயலாக இருக்கலாம். கடன் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு மொழியின் பகரம் நிற்கும் இடத்திலெல்லாம் மற்றொன்றில் ஹகரம் நிற்குமானால் அது உறவின் அடையாளம். பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்தோடு இருந்ததைப் பார்க்கும்போது மாறியது எந்தப் பக்கம் என்பதும் விளங்கிவிடுகிறது. ஒற்றுமையை விட ஒழுங்கான வேற்றுமையே இங்கு வலிய சான்று. ஒலி ஒப்புமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு உலக மொழிகளுக்கெல்லாம் உறவு கட்டுவோர் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தமிழில் இத்துறைக்கு முதலில் வழங்கிய பெயர் 'மொழிநூல்'. மாகறல் கார்த்திகேய முதலியார் 1913இலேயே இப்பெயரில் நூல் எழுதினார். தேவநேயப் பாவாணரின் நூல் 1940இல் 'ஒப்பியன் மொழிநூல்' என்னும் தலைப்பில் வந்தது. சொற்பிறப்பும் மொழியுறவும் மொழிவரலாறும் மையமாக இருந்தவரை அப்பெயர் போதுமானதாக இருந்தது.

பார்வை மாறியது சசூர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரால். அவர் மறைந்து 3 ஆண்டுகள் கழித்து, 1916இல், மாணவர் குறிப்புகளைக் கொண்டு வெளியிடப்பட்ட அவருடைய விரிவுரைகள், மொழியைக் காலப்போக்கில் வைத்துப் பார்ப்பது வேறு, ஒரு காலத்தில் நிறுத்தி அதன் அமைப்பைப் பார்ப்பது வேறு என்று பிரித்துக் காட்டின. சதுரங்க ஆட்டத்தின் நடுவே வந்து சேரும் ஒருவர், முன்பு நடந்த நகர்த்தல்களை அறியாமலே பலகையின் நிலையை முழுமையாக விவரிக்க முடியும் என்பது அவர் காட்டிய உவமை. முன்னதை வரலாற்று மொழியியல் என்றும், பின்னதை ஒருகால மொழியியல் என்றும் நாம் வழங்குகிறோம். இரண்டுக்கும் 'மொழியியல்' பொதுப்பெயராக நிற்க, 'மொழிநூல்' பழைய ஒப்பியல் ஆய்வோடு ஒட்டிக்கொண்டது.

சசூரின் கருத்துகளைத் தொல்காப்பியம் முன்பே சொல்லிவிட்டது என்று காட்ட, 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்னும் நூற்பாவைச் சிலர் மேற்கோள் தருவதுண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்புக்கு இயற்கைக் காரணம் இல்லை என்பது சசூரின் நிலை. காரணம் விளங்கத் தோன்றாது என்றுதான் தொல்காப்பியர் சொல்கிறாரே ஒழிய, காரணமே இல்லை என்று சொல்லவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்குவதால் இருவரையுமே பிழையாகப் படிக்க நேரும்.

இந்த அணுகுமுறைகளின் வேறுபாட்டை 'அவங்க வந்தாங்க' என்னும் ஒரே தொடரில் காணலாம். பள்ளி இலக்கணம் இதைக் கொச்சை என்று ஒதுக்கி, 'அவர்கள் வந்தார்கள்' எனத் திருத்தும். வரலாற்று ஆய்வாளருக்கோ அந்தத் திருத்தத்திலேயே ஆராய வேண்டியது உண்டு. 'கள்' தொல்காப்பியத்தில் அஃறிணைப் பன்மைக்கு உரியதாகச் சொல்லப்பட்ட விகுதி. திருக்குறளில் 'மற்றையவர்கள்', 'பூரியர்கள்' என்று அது உயர்திணைக்கும் ஏறிவிட்டது. ஒரு காலத்தில் புதிதாக நுழைந்த வடிவமே இன்று திருத்தமான வடிவமாக நிற்கிறது. விவரிப்பு மொழியியலார் இத்தொடரைத் திருத்தவும் மாட்டார், அதன் பழமையைத் தேடவும் மாட்டார். 'அவங்க', 'வந்தாங்க', 'போனாங்க' என்னும் வடிவங்களை அருகருகே வைத்து, எழுத்து வழக்கின் 'ர்கள்' பேச்சில் 'ங்க' என்று ஒழுங்காக அமைவதையும், 'வா' என்னும் பகுதியோடு காலமும் இடமும் எவ்வாறு ஒட்டுகின்றன என்பதையும் குறித்துக்கொள்வார். சமூக மொழியியலாரின் கேள்வி இன்னொன்று: ஒரே ஒருவரைச் சுட்டவும் 'அவங்க' என்று யார், யாரைப் பற்றி, யார் முன்னிலையில் சொல்கிறார்? தென் மாவட்டங்களில் 'அவுக வந்தாக' என்பவர் எந்தச் சூழலில் 'வந்தாங்க' என்று மாறிக்கொள்கிறார்? வழுவென்று ஒரு சொல்லில் கடந்துபோன தொடர் இத்தனை கேள்விகளுக்கு இடம் தருகிறது.

இதைக் கொண்டு இலக்கணம் என்றாலே விதிப்பது என்று முடிவுகட்டுவதும் தவறு. தொல்காப்பியர் 'வழக்கும் செய்யுளும்' நாடித் தம் நூலைச் செய்தார் என்று பாயிரம் கூறுகிறது. அதாவது இருந்ததைப் பார்த்தே எழுதினார். பிறப்பியலில் அவர் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று உறுப்புகளை எண்ணி ஒலிகளின் பிறப்பைச் சொல்வது இன்றைய ஒலியியலாரின் வேலைதான். பேச்சுத் தமிழுக்கென்றே வீரமாமுனிவர் லத்தீனில் இலக்கணம் எழுத, அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அவ்வாறு கண்டு எழுதியவற்றைப் பின்வந்தோர் மீறக்கூடாத சட்டமாகப் படித்ததால்தான் இலக்கணம் விதிப்பது என்னும் பெயர் வந்தது.

கலைச்சொல்லில் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கிறது. விதிக்காமல் உள்ளதை எடுத்துரைக்கும் அணுகுமுறையை நம் பாடநூல்கள் 'விளக்கமுறை மொழியியல்' என்றும் 'வருணனை மொழியியல்' என்றும் எழுதுகின்றன. வருணனை என்றால் தமிழில் புனைந்துரைப்பதாகவே படும். விளக்கம் வேறுவகையில் இடர்ப்படுத்துகிறது. 1957இல் தம் முதல் நூலை வெளியிட்ட அமெரிக்க மொழியியலாளர் சாம்ஸ்கியும், தொடர்கள் உருவாகும் விதிகளை ஆராயும் அவர் வழிவந்த மாற்றிலக்கணத்தாரும், ஒரு மொழியின் தொடர்களைச் சரியாக எடுத்துரைப்பது ஒரு படி, குழந்தை அம்மொழியை எவ்வாறு அடைகிறது என்பதற்குக் காரணம் கூறுவது அதற்கு மேற்பட்ட படி என்று பிரிக்கின்றனர். முதற்படிக்கே 'விளக்கம்' என்று பெயர் கொடுத்துவிட்டால் இரண்டாவதற்குச் சொல் இல்லாமல் போகிறது. முன்னதை 'விவரிப்பு' என்றும் பின்னதை 'விளக்கம்' என்றும் கொள்வதே தெளிவு; மேலே நான் விவரிப்பு மொழியியல் என்று எழுதியதும் இதனால்தான்.

ஆங்கிலத்தில் இத்துறைப் பெயரோடு தொடர்புடைய பெயரடை மொழி சார்ந்த எதற்கும் பொதுவாக வருவதால், மொழிபெயர்ப்பில் 'மொழியியல் சிறுபான்மையினர்', 'மொழியியல் மாநிலங்கள்' போன்ற தொடர்கள் இப்போது தென்படுகின்றன. அவர்கள் மொழியால் சிறுபான்மையினர். மொழியியல் படித்த சிறுபான்மையினர் அல்லர். மொழிச் சிறுபான்மையினர், மொழிவழி மாநிலங்கள் என்னும் நல்ல தொடர்கள் நெடுநாளாக நம்மிடம் வழக்கில் இருக்கின்றன. அதேபோல், பல மொழி பேசத் தெரிந்தவரை மொழியியலாளர் என்பதும் பொருந்தாது. அவரைப் பன்மொழி அறிஞர் என்க. ஒரே மொழி அறிந்தவரும் அதன் அமைப்பை ஆராய்பவராயின் மொழியியலாளரே.