மூக்குக்கு ஒரு வேலை

‘நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை’ என்று ஒரு பழமொழி உண்டு. சும்மா அலைகிறவர்களைத் திட்டுவதற்குச் சொல்வது. ஒரு தெரு நாயின் பின்னால் காலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நடந்து பார்த்தால் பழமொழியில் பாதிதான் சரி என்று தெரிந்துவிடும். நிற்க நேரமில்லை, உண்மை. ஆனால் வேலை நிறைய இருக்கிறது. மீன்காரம்மா கூடையை இறக்கிவைத்த இடம், டீக்கடை வாசலில் பன் உதிர்ந்த இடம், ராத்திரி பக்கத்துத் தெரு நாய் வந்து காலைத் தூக்கிவிட்டுப் போன மின்கம்பம் என்று ஒவ்வொன்றையும் முகர்ந்து கணக்கெடுக்க வேண்டும். முழுநேர உத்தியோகம் அது.

எங்கள் மணி அந்த உத்தியோகத்தில் சேர்வதற்கு முன்பே, மூன்று மாதக் குட்டியாக எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்துவிட்டான். சுத்தமான நாட்டு நாய். பெயர் மணி, ஏனென்றால் வேறு பெயர் யோசிக்க வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டு வேளைச் சோறு, மின்விசிறி, மெத்தை எல்லாம் கிடைத்தன. ஒரு வேளைச் சோறு நாற்பது விநாடியில் முடிந்துவிடும். மீதி நாளை என்ன செய்வது? மணி செருப்பைத் தின்றான். அப்புறம் சோஃபாவின் ஒரு கையை. அப்புறம் கரண்ட் பில் அட்டையை. ‘ஓடவிடுங்கள், அடங்கிவிடும்’ என்றார்கள். ஒரு மாதம் மொட்டை மாடியில் பந்து எறிந்தேன். முடிவில், முன்னைவிட வேகமாக ஓடுகிற, முன்னைப் போலவே சோஃபா தின்கிற ஒரு நாய் கிடைத்தது.

விஷயம் பிடிபட்டது தற்செயலாகத்தான். கொடியிலிருந்து எடுத்துக் குவித்த துணிகளுக்குள் ஒரு பிஸ்கட் துண்டு விழுந்துவிட்டது. மணி அந்தக் குவியலை விடவில்லை. பத்து நிமிஷம் மூக்கைப் புதைத்துப் புதைத்துத் தேடி, கடைசியில் நகம் அளவுத் துண்டை எடுத்துத் தின்றுவிட்டு, அங்கேயே புடவை மேல் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனான். அரை மணி நேரம் பந்து எறிந்தும் வராத தூக்கம்.

பத்து நிமிஷத்தில் அந்த மூக்கு என்ன செய்துகொண்டிருந்தது?

நாம் மூச்சு விடுவதும் வாசனை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடக்கின்றன. நாயின் மூக்குக்குள் காற்று இரண்டாகப் பிரிகிறது. பெரும்பகுதி நேராக நுரையீரலுக்குப் போய்விடும். சுமார் எட்டில் ஒரு பங்கு மட்டும் மேல்பக்கமாக ஒரு தனி வழியில் ஏறி, மூக்கின் பின்கோடியில் இருக்கிற ஓர் அறைக்குள் நுழையும். அங்கே முறுக்கு மாதிரி சுருண்டு மடிந்த மெல்லிய எலும்புத் தகடுகள், அவற்றின் மேல் படர்ந்த சவ்வில் வாசனை அறியும் செல்கள். நமக்கு இந்தச் செல்கள் ஐம்பது அறுபது லட்சம். நாய்க்கு, இனத்தைப் பொறுத்து, இருபது கோடியைத் தாண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு லாப்ரடாரின் மூக்கை ஸ்கேன் செய்து, அதற்குள் காற்று ஓடும் விதத்தைக் கணினியில் கணக்கிட்டு 2010இல் வெளியிட்டார்கள். மூச்சை வெளியே விடும்போது காற்று அந்தப் பின்னறைப் பக்கமே வருவதில்லை என்பது அதில் தெரிந்தது. உள்ளே வந்த வாசனை உடனே அடித்துக்கொண்டு போகப்படுவதில்லை, கொஞ்சம் தங்குகிறது.

வெளியே விடுகிற மூச்சுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நாயின் மூக்கு நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள், கமா போட்டது மாதிரி ஒரு வெட்டு இருக்கும். முகரும்போது வெளியேறும் காற்று அந்த வெட்டு வழியாகப் பக்கவாட்டிலும் பின்னாலும் போகிறது. முன்னால் இருக்கிற வாசனையை அது கலைப்பதில்லை, புதுக் காற்றை மூக்குப் பக்கம் இழுத்துவரவும் செய்கிறது. விநாடிக்கு ஐந்து முறை வீதம் இது நடக்கிறது. மணி துணிக்குள் மூக்கை விட்டபோது கேட்ட ‘ஃபுஸ் ஃபுஸ்’ அதுதான்.

இத்தனை தகவல் வந்தால் அதை உட்கார்ந்து பிரிக்க மூளை வேண்டுமே. 1993இல் நார்வேக்காரர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் நடந்துபோன தடத்துக்குக் குறுக்காக நாய்களைக் கொண்டுவந்து விட்டு, அவர் எந்தத் திசையில் போனார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பழக்கிய நான்கு ஜெர்மன் ஷெப்பர்டுகள். முதலில் தடத்தைத் தேடி வேகமாக அலையும். தடம் கிடைத்ததும் வேகத்தைக் குறைக்கும். இரண்டிலிருந்து ஐந்து காலடிகளை முகரும், மூன்றிலிருந்து ஐந்து விநாடி ஆகும். அப்புறம் முடிவெடுத்துச் சரியான திசையில் கிளம்பிவிடும். யோசித்துப் பாருங்கள். ஒரு காலடிக்கும் அடுத்ததற்கும் ஒரு விநாடிதான் வித்தியாசம். இருபது நிமிஷம் பழைய தடத்தில் அந்த ஒரு விநாடியைப் பிரித்தறிவது சும்மா நடக்கிற காரியமா?

இந்த மூன்று கட்டத்தையும் கூடத்திலேயே பார்க்கலாம். மணியைச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, அவித்த கோழி ஈரலில் ஒரு சின்னத் துண்டை டிவி மேஜைக் காலுக்குப் பின்னால் வைப்பேன். கதவைத் திறந்து ‘தேடு’ என்றால், முதலில் காற்றில் தலையைத் தூக்கி, வால் நேராக நிற்க, அறை முழுக்க ஒரு வட்டம். திடீரென்று ஓரிடத்தில் தலை மட்டும் பின்னால் திரும்பும், உடம்பு இன்னும் முன்னால் போய்க்கொண்டிருக்கும். கயிறு கட்டி இழுத்த மாதிரி. அங்கிருந்து நடை மெதுவாகும். மூக்கு இடமும் வலமுமாகப் போகும், ஒவ்வொரு திருப்பத்திலும் வீச்சு குறையும். மூச்சுச் சத்தம் கூடும். கடைசி ஒரு அடியில் வால் ஆட ஆரம்பிக்கும். இதைக் கவனியுங்கள்: துண்டு வாய்க்குள் போகும் முன்பே வால் ஆடுகிறது. தின்று முடித்ததும் நின்றுவிடுகிறது.

அந்த வால் சொல்வதைத்தான் நரம்பியலாளர்கள் வேறு வழியில் கண்டார்கள். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். பழச்சாறு கிடைக்கும்போது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வரப்போகிறது என்று காட்டும் விளக்கைக் குரங்கு புரிந்துகொண்ட பிறகு, துடிப்பு விளக்கு எரியும் நேரத்துக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது அமைதி. பாலூட்டிகளின் மூளையில் ‘தேடல்’ என்றே ஓர் உணர்ச்சி அமைப்பு இருப்பதாக யாக் பாங்க்செப் எழுதினார். பசி தீர்ந்தால் அடங்குவது வேறு, தேடிப் போ என்று உந்துவது வேறு. கிண்ணத்தில் சோற்றைக் கொட்டும்போது நாம் முதலாவதைத்தான் கவனிக்கிறோம். இரண்டாவது பாவம், சோஃபாவைப் பார்க்கிறது.

சுவீடனில் 12 பீகிள் நாய்களை ஜோடி சேர்த்து ஒரு ஆய்வு நடந்தது, 2014இல் வெளியானது. ஜோடியில் ஒரு நாய்க்கு ஒரு கருவியை இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். சரியாகச் செய்தால் கதவு திறக்கும், பரிசு கிடைக்கும். இன்னொரு நாய்க்கும் அதே கருவி முன்னால் இருக்கும், அதே பரிசு கிடைக்கும், ஆனால் அது என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் கதவு தன்பாட்டில் திறக்கும். பரிசு இரண்டுக்கும் ஒன்றுதான். நாள் போகப் போக, தானே கதவைத் திறந்த நாய்கள் ஆளை முந்திக்கொண்டு சோதனை அறைக்குள் ஓடின. வாலாட்டலும் அதிகம். மற்றவை உள்ளே வரவே தயங்கின. சில, பொறுக்க முடியாமல் கருவியைக் கடித்தன. சும்மா கிடைத்ததில் அவற்றுக்கு மகிழ்ச்சி இல்லை என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். ஆனால் கருவியைக் கடித்த நாயை எனக்குத் தெரியும், அது என் வீட்டில் கரண்ட் பில் அட்டையைக் கடித்தது.

நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரியில் நாய்களின் அறிவை ஆராய்பவர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ். அவரும் ஷார்லொட் டுரான்டோனும் 2019இல் வெளியிட்ட ஆய்வு மூக்கு விளையாட்டைப் பற்றியே. 20 வீட்டு நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டு வாரம் ஒரு குழு ஒளித்துவைத்த தின்பண்டத்தைத் தேடும் விளையாட்டு, மறு குழு எஜமானரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சி. தின்பண்டம் இரு குழுவுக்கும் உண்டு. முன்னும் பின்னும் ஒரு சோதனை. ஒரு பக்கம் வைக்கும் கிண்ணத்தில் எப்போதும் உணவு இருக்கும், மறு பக்கத்தில் எப்போதும் காலி என்று முதலில் பழக்கிவிட்டு, பிறகு நடுவில் ஒரு கிண்ணத்தை வைப்பது. இருக்குமா, இருக்காதா? நம்பிக்கையுள்ள நாய் வேகமாகப் போய்ப் பார்க்கும். தேடி விளையாடிய குழு முன்னைவிட வேகமாகப் போனது. காலோடு நடந்த குழுவில் மாற்றமில்லை. இருபதே நாய்கள், இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் பயிற்சி என்றாலே ‘உட்கார், நில், கூட வா’ என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது போதுமானதாக இருந்தது.

இதற்காகக் கடையில் போய் எதுவும் வாங்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஓடும் விளையாட்டு ஒரு பழைய இட்லித் தட்டு. சமையலிலிருந்து ஓய்வு பெற்றது (அதற்கு முன்பு ஒரு சின்ன விவாதம் நடந்தது, விவரம் வேண்டாம்). குழிகளில் டென்னிஸ் பந்துகளை வைத்து, இரண்டு பந்துக்கு அடியில் மட்டும் ஈரல் துண்டு. முதல் நாள் எல்லாக் குழியிலும் துண்டு போட வேண்டும், தோற்கவே முடியாத மாதிரி. பிறகு ஒவ்வொன்றாகக் குறைக்கலாம். பழைய துவாலையை விரித்து, அன்றைய தீவனத்தையே தூவிச் சுருட்டிவைப்பது இன்னும் சுலபம். அட்டைப் பெட்டிகளை வரிசையாக வைத்து ஒன்றில் மட்டும் ஒளிக்கலாம். தின்பண்டத்தைத் தனியாக வாங்காமல் இரவுச் சாப்பாட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புத்தி வளர்வதோடு தொப்பையும் வளரும். கருவாடு வேண்டாம், உப்பு. திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம்.

எவ்வளவு கஷ்டமாக வைப்பது என்பதில்தான் சூட்சுமம். புடாபெஸ்டில் 2003இல் ஒரு சோதனை: ஓநாய்க்கும் நாய்க்கும் திறக்கவே முடியாத ஒரு பெட்டி. இரண்டும் மனிதர் கையில் வளர்ந்தவை. ஓநாய் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருந்தது. நாய் கொஞ்சம் முயன்றுவிட்டுத் திரும்பி மனிதரின் முகத்தைப் பார்த்தது. மணியும் அப்படிப் பார்ப்பான். அந்தப் பார்வை வந்தால் ஒரு பந்தை லேசாக நகர்த்திக்கொடுப்பேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டால், தப்பு என் பேரில். நாளைக்குச் சுலபமாக வைக்க வேண்டும்.

லேசர் விளக்கைச் சுவரில் ஓட்டி நாயைத் துரத்தவிடுகிறார்களே, அது எனக்குப் பிடிக்காத விளையாட்டு. தேடல் இருக்கிறது, கிடைப்பது என்று ஒன்று இல்லை. சில நாய்கள் விளக்கை அணைத்த பிறகும் நிழலையும் வெளிச்சத்தையும் துரத்திக்கொண்டே இருக்கப் பழகிவிடுகின்றன, மீட்பது கஷ்டம்.

வெயில் இன்னொரு எதிரி. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது. வாய் வழியாக ஓடும் காற்று மூக்குக்குப் பயன்படாது. சென்னையில் மே மாதத்துப் பகலில் பூங்காவில் ஒளித்துவைத்துத் ‘தேடு’ என்றால் அது கொடுமை. விடியற்காலை, அல்லது வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே.

சொற்களையும் விளையாட்டாக்கலாம். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலி இன நாய்க்கு 1,022 பொம்மைகளின் பெயர்களை மூன்று வருஷத்தில் சொல்லிக்கொடுத்தார். மணிக்குத் தெரிந்தவை ஐந்து. அதில் ஒன்று ‘கிளம்பலாமா’.

கிளம்பினால் இப்போது வேகமாக நடப்பதில்லை. முன்பெல்லாம் இருபது நிமிஷத்தில் தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வருவோம், அவன் முகர நின்றால் கயிற்றை இழுப்பேன். இப்போது அதே இருபது நிமிஷத்தில் நாலு வீடு தாண்டினால் பெரிது. மருந்துக்கடை எதிரில் இருக்கிற மின்கம்பத்துக்கு மட்டும் மூன்று நிமிஷம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்னைப் பார்ப்பவர்கள் நாய்க்காக ஒருவர் காத்திருக்கிறார் என்று நினைக்கலாம். மணியைக் கேட்டால் கதை வேறாக இருக்கும்.

வயதான நாய்களுக்கும் இது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. கிழட்டு பீகிள்களை இரண்டு வருஷத்துக்கு மேல் கவனித்த ஓர் ஆய்வில், கூட ஒரு துணை நாய், புதுப் பொம்மைகள், புதிர்கள், நடை என்று வாழ்ந்தவற்றுக்குக் கற்கும் திறன் குறைவாகவே தேய்ந்தது. நல்ல உணவும் சேர்ந்தபோது பலன் இன்னும் கூடியது. எங்கள் கீழ்வீட்டு லாப்ரடாருக்குப் பதின்மூன்று வயது, இரண்டு கண்ணிலும் புரை. சாயங்காலம் இட்லித் தட்டை இரவல் வாங்கிப் போகிறார்கள். பந்தை மூக்கால் தள்ளும் சத்தம் படிக்கட்டு வரைக்கும் கேட்கும். மேலே மணி கதவுக்கு அடியில் மூக்கை வைத்துக்கொண்டு, ஃபுஸ் ஃபுஸ் என்று, எந்தக் குழியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பான்.