வண்ணம் அப்புறம், முதலில் அலமாரியை அசைத்துப் பாருங்கள்

பிள்ளைக்கு ஓர் அறை ஒதுக்குவது என்று முடிவானதும் வீட்டில் பேச்சு சுவரில்தான் ஆரம்பிக்கிறது. என்ன கலர், என்ன படம், மேலே நட்சத்திரம் ஒட்டலாமா. என்னிடம் வரும் அப்பா அம்மாக்கள் பெரும்பாலும் செல்போனில் படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். கார் மாதிரி கட்டில், மேகம் வரைந்த கூரை, ஜன்னலோரம் குட்டி ஊஞ்சல். ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து வளர்ந்தவர்கள் தங்கள் பிள்ளைக்காவது தனி அறை அமைய வேண்டும் என்று நினைக்கிறார்கள். அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் சென்னையில் வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்பவள் என்ற முறையில் எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்கிறேன். வண்ணம் கடைசி வேலை. பிள்ளை எதில் ஏறும், எதை இழுக்கும், எதை வாயில் வைக்கும், அதன் தலைக்கு மேலே என்ன சுற்றுகிறது என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

மேடவாக்கத்தில் ஒரு வீடு. நாலு வயதுப் பையன். அறை பளிச்சென்று இருந்தது, சுவர் முழுக்க யானையும் ஒட்டகச்சிவிங்கியும். பெரிய பீரோ வைக்க இடமில்லாததால் துணி வைக்க அஞ்சு டிராயர் கொண்ட மர அடுக்கு ஒன்றை ஆன்லைனில் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதன் மேலே ஒரு டிவி. "ரிமோட்டை மேலே வெச்சா எப்படிடா எடுப்பே?" என்று சும்மா கேட்டேன். "இப்படித்தான் ஆன்ட்டி" என்று கீழ் டிராயரை இழுத்தான், அதற்கு மேல் டிராயரைக் கொஞ்சம் குறைவாக இழுத்தான், அதற்கும் மேலே இருந்ததை இன்னும் குறைவாக. அழகாகப் படிக்கட்டு அமைந்துவிட்டது. கால் வைக்கப் போனவனைத் தூக்கிக்கொண்டு, மற்றொரு கையால் அந்த அடுக்கை மேலே பிடித்து லேசாக முன்னால் இழுத்தேன். பின்கால்கள் தரையை விட்டுக் கிளம்பின. அவன் அம்மாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

காலி அடுக்கு தானாகச் சாய்ந்துவிடாது. டிராயர்கள் வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் துணியின் கனம் முழுவதும் முன்பக்கம் வந்துவிடுகிறது. அதோடு பதினைந்து கிலோ பிள்ளை ஒன்று முன்னால் தொங்கினால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் இப்படிக் குழந்தைகள் இறந்துபோன பிறகுதான் சட்டமே வந்தது. 2023 செப்டம்பர் முதல் அங்கே 27 அங்குலமும் அதற்கு மேலும் உயரமான துணி அடுக்குகள் சாயாமல் நிற்கும் சோதனையில் தேற வேண்டும். இங்கே அந்தச் சோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். எல்லா டிராயரையும் திறந்து வைத்து மேலே பிடித்து இழுங்கள். அசைந்தால் சுவரோடு எல் கிளாம்ப் போட்டு முடுக்கியாக வேண்டும்.

முடுக்குவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சுவர் எதனால் கட்டியது என்று தெரியாமல் ஸ்க்ரூ போடக்கூடாது. பழைய வீட்டுச் செங்கல் சுவர் என்றால் வழக்கமான பிளக்கும் ஸ்க்ரூவும் நன்றாகப் பிடிக்கும். ஓஎம்ஆர் பக்கம் புதிதாகக் கட்டும் பல அடுக்குமாடிகளில் உள்சுவர் ஏஏசி பிளாக், அதாவது உள்ளே காற்றுக் குமிழி நிறைந்த லேசான கான்கிரீட் கல். தட்டினால் மெத்தென்று சத்தம் வரும். அதில் சாதாரணப் பிளக் போட்டால் நாலு மாதத்தில் ஆடி, பூச்சோடு சேர்ந்து வந்துவிடும். அதற்கென்றே தனி ஃபாஸ்னர் இருக்கிறது, கடையில் "ஏஏசி பிளாக்குக்கு" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்கள். நீலாங்கரை, திருவான்மியூர் மாதிரி கடலோரம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவே போடுங்கள். உப்புக்காற்று சாதாரண ஸ்க்ரூவைச் சத்தமில்லாமல் தின்றுவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அடுத்து மாடிக் கட்டில். இரண்டு பிள்ளைகள், பத்துக்குப் பத்து அறை என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது இதுதான். இடம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் படங்களில் பார்க்கும் அந்த வெளிநாட்டு அறைகளில் பெரும்பாலும் மின்விசிறி இருக்காது. நம் ஊரில் ஃபேன் இல்லாத அறை உண்டா? நம் அடுக்குமாடிகளில் தளம் ஒன்பதரை அடி உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஃபேன் இறக்கை சுமார் எட்டரை அடியில் சுற்றும். மேல் கட்டிலின் மெத்தை அஞ்சடியில். பத்து வயதுப் பிள்ளை அதில் உட்கார்ந்து சோம்பல் முறித்துக் கையைத் தூக்கினால் இறக்கையைத் தொட்டுவிடும். எழுந்து நின்றால் தலை. ஃபால்ஸ் சீலிங் வேறு போட்டு ஃபேனை இன்னும் கீழே இறக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். சுவர் ஓரமாகத்தானே கட்டில் என்பார்கள். சின்ன அறையில் 48 அங்குல ஃபேன் எவ்வளவு தூரம் வீச்சு எடுக்கிறது என்று டேப் வைத்து அளந்து பார்த்தால் அந்தத் தைரியம் போய்விடும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மேல் கட்டிலில் படுக்க வைக்கவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. இந்த இடங்களில் நான் கொடுப்பது, ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் இன்னொரு கட்டில். ராத்திரி இழுக்கலாம், காலையில் தள்ளிவிடலாம். மாடிக் கட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், சீலிங் ஃபேனை எடுத்துவிட்டுக் கூண்டு போட்ட சுவர் ஃபேனுக்கு மாறுங்கள்.

தலைக்கு மேலே இன்னொன்றும் உண்டு, தூளிக் கொக்கி. கைக்குழந்தைக்கு அம்மா புடவையில் தூளி கட்டுவதுபோல் சுகம் வேறில்லை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைக்குழந்தை வளர்ந்த பிறகும் புடவை அப்படியே தொங்கும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் அதை ஊஞ்சலாக்கி முறுக்கிச் சுற்றி ஆடும்போது கழுத்து இறுகி உயிர் போன செய்திகளை நம் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். வீட்டில் பெரிய பிள்ளை இருந்தால், சின்னது தூங்கி எழுந்ததும் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். மேலே தூக்கிக் கட்டி வைப்பது போதாது. பாண்டி பஜாரில் ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் வாங்குகிறீர்கள் என்றால், வளையமாகத் தொங்கும் கயிறு உள்ளதைப் பிள்ளை அறைக்கு வாங்க வேண்டாம். சாதாரணத் திரைச்சீலையே போதும்.

ஜன்னல் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் ஆறாவது மாடியில் சின்னதில்லை. குறுக்குக் கம்பி போட்ட கிரில் குழந்தைக்கு ஏணிதான். நெடுக்குக் கம்பியாக, நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் போடச் சொல்லுங்கள். கொசு வலை கொசுவுக்குத்தான், சாய்ந்த பிள்ளையை அது தாங்காது. ஜன்னலுக்குக் கீழே கட்டில், முக்காலி, பொம்மைப் பெட்டி எதையும் போடாதீர்கள். தீ, புகை என்றால் வெளியேற வழி வேண்டும் என்பதால் ஒரு பகுதி கிரிலாவது பூட்டித் திறப்பதாக இருக்கட்டும். சாவி எங்கே என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, இப்போது வண்ணத்துக்கு வரலாம். வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக்கூடாது என்று 2016-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதனால் இன்றைக்கு வாங்கும் டப்பாவைவிட, அதற்கு முன்னால் அடித்த பழைய பெயின்ட்தான் எனக்குக் கவலை. மயிலாப்பூர், மாம்பலம் பக்கத்துப் பழைய வீடுகளில் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல் அடுக்கடுக்காக உரிந்து நிற்கும். பல் முளைக்கும் குழந்தை ஜன்னல் கட்டையைக் கடிக்கும். ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை உடம்பு தாங்கும் என்று ஓர் அளவே இதில் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதைவிட மோசம், புது பெயின்ட் அடிப்பதற்காகப் பழையதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்ப்பது. அந்தத் தூசி வீடெல்லாம் பரவும். தண்ணீர் தெளித்துத் தேய்க்கச் சொல்லுங்கள், வேலை முடிந்து ஈரத்துணியால் துடைக்கும்வரை பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருக்கட்டும். பெயின்ட்டர் முணுமுணுப்பார். கூலி கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வால்பேப்பர் ஆசை உள்ளவர்கள் உள்சுவரில் ஒட்டுங்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரில் ஒட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் பின்னால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு அது பெரிய தொல்லை. அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் விட்டு வையுங்கள், கிளாம்ப் கொஞ்சம் நீளமாகப் போட்டால் போதும். மரவேலைக்கு பார்ட்டிகிள் போர்டு விலை குறைவுதான், சென்னை ஈரத்தில் ஓரம் ஊதிக் கீல் கழன்றுவிடும். ஈரம் தாங்கும் ஐஎஸ் 303 பிடபிள்யூஆர் பிளைவுட் போடுங்கள், பாத்ரூம் சுவரை ஒட்டி வருகிறது என்றால் தண்ணீரை இன்னும் நன்றாகத் தாங்கும் ஐஎஸ் 710. வாங்கும்போது இ1 அல்லது இ0 முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற கண் எரிய வைக்கும் வாயு அதில் குறைவு. கிரகப்பிரவேசத் தேதிக்கு முந்தின நாள்வரை மரவேலை நடந்து, அன்று ராத்திரியே குழந்தை அந்த அறையில் படுப்பதை நிறைய வீடுகளில் பார்க்கிறேன். கண் எரிகிற வாசனை இருக்கும்வரை ஜன்னலைத் திறந்து போட்டு அறையைக் காலியாக விடுங்கள்.

பிளக் பாயின்ட்டுகள் துளையை மூடும் ஷட்டர் உள்ளவையாக இருக்க வேண்டும். மின்கசிவு என்றால் உடனே கரண்ட்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் வீட்டுக்கு இருக்க வேண்டும். பட்டன் பேட்டரியில் எரியும் அலங்கார விளக்குகள் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கே வேண்டாம். அந்தப் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குப் படிக்கும் மேஜை. ஆசாரி பழக்கத்தில் இரண்டரை அடியில் அடித்துவிடுவார், அது பெரியவர்களின் உயரம். நாலடி உயரப் பிள்ளைக்கு மேஜை இரண்டடியில் இருந்தால்தான் தோள் தூக்காமல் எழுத முடியும், பாதம் தரையில் பதியும். வருஷா வருஷம் மேஜை மாற்ற முடியாது. அதனால் பெரிய மேஜையே போட்டு, உயரம் கூட்டிக் குறைக்கும் நாற்காலியும் காலுக்கு ஒரு மரப்பலகையும் கொடுங்கள். படிக்கும் இடத்துக்கு வெள்ளை வெளிச்சம், கட்டில் பக்கம் 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். ஒரே டியூப் லைட்டை ராத்திரி பதினொன்றுவரை எரியவிட்டால் தூக்கம் எப்படி வரும்? பதின்வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பிளஸ் டூ வீடுகளில் இதைச் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை, இருந்தாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். செல்போன் சார்ஜ் போடும் பாயின்ட்டை அறைக்குள் கட்டிலருகே வைக்காமல் ஹாலில் வையுங்கள், அப்பா அம்மா போனும் அங்கேயே சார்ஜ் ஆகட்டும்.

பதின்வயது வந்ததும் பிரச்சினையே வேறு. முகப்பேரில் ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள். அஞ்சு வயதில் ஆசையாகச் செய்து கொடுத்த இளவரசி அறை. கோட்டை வடிவில் கட்டிலின் தலைமாடு, மூன்று சுவரிலும் ரோஸ். எல்லாம் சுவரோடு சேர்த்து அடித்தது, இடிக்காமல் மாற்ற முடியாது. அவள் ஹாலில் உட்கார்ந்துதான் படிப்பாள். தோழிகள் வந்தால் அறைக் கதவைச் சாத்திவிடுவாள். பிள்ளையின் இஷ்டம் மூன்று வருஷத்தில் மாறும், மர வேலை பதினைந்து வருஷம் நிற்கும். அதனால் தீம் என்பதைப் போர்வையிலும் தலையணையிலும் திரைச்சீலையிலும் வையுங்கள். கட்டிலும் அலமாரியும் சாதாரணமாக இருக்கட்டும்.

அவள் அப்பா என்னிடம் மூன்று டிசைன் கேட்டார். நான் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ஆளுயரத்துக்குக் கண்ணாடி, நானே எதாவது குத்தி வைக்க ஒரு போர்டு, பூட்டுற மாதிரி ஒரு டிராயர், கதவுக்குத் தாழ்ப்பாள்." வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவுக்குத் தாழ்ப்பாளில்தான் தயக்கம். "உள்ளே பூட்டிக்கிட்டா நாங்க என்ன மேடம் பண்றது?" என்றார். நியாயமான பயம்தான். இதற்கு நடுவழி உண்டு. இரும்புத் தாழ்ப்பாள் வேண்டாம். உள்ளே குமிழைத் திருகினால் பூட்டும், அவசரமென்றால் வெளியிலிருந்து ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினால் திறக்கும் பூட்டு கிடைக்கிறது. இரண்டு வயதுக் குழந்தை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுகிற வீடுகளுக்கும் இதையேதான் போடுகிறேன். வெளியிலிருந்து திறக்க முடியும் என்பதை அவளுக்குத் தெரியாமல் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவளையே கூப்பிட்டுக் காசை வைத்துத் திறந்து காட்டினோம். "தட்டிட்டுத்தான் வரணும்" என்றாள். சரி என்றார்.