முகப்புக்குப் பாதிப் பணம் வரும், கூரைக்கு?

பழைய வீட்டைச் சீரமைக்க மானியம் கேட்பவர்கள் முதலில் எடுத்து நீட்டுவது தெருப்பக்கச் சுவரின் படத்தைத்தான். பூச்சு உதிர்ந்திருக்கும், தாழ்வாரத்து ஓடு சரிந்திருக்கும், சன்னல் கதவில் பெயின்ட் உரிந்து தொங்கும். பணம் தருபவரின் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் புதுச்சேரியின் மெத்தை (மாடி) வீடு ஒன்று விழத் தொடங்குவது மொட்டைமாடியில் தேங்கும் தண்ணீரிலும், சுவருக்குள் மறைந்து கிடக்கும் உத்திரத்தின் முனையிலும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், 19ஆம் நூற்றாண்டில் எழுந்த நகரமன்றம், அப்படியே சரிந்தது. அரசுக் கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், வாடகையும் வராமல் பங்கும் பிரியாமல் நிற்கும் தனியார் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

தனியார் வீட்டுக்குப் பொதுப்பணம் தரலாமா என்ற கேள்விக்குப் புதுச்சேரியிலேயே ஒரு நல்ல பதில் இருக்கிறது. தமிழர் பகுதியில் உள்ள வைசியாள் வீதி, அதாவது கல்வே சுப்பராய செட்டி வீதி. ஆசிய, ஐரோப்பிய நகரங்களை இணைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் புதுச்சேரியுடன் பிரான்ஸின் வில்நெவ் சுர் லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய நகரங்கள் கைகோத்தன. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் புதுச்சேரிக் கிளை களத்தில் வேலை செய்தது. வீட்டுக்காரர் பாதி, திட்டம் பாதி என்ற கணக்கில் அந்த வீதியின் வீட்டு முகப்புகள் வரிசையாகச் சீரானது அப்போதுதான். கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமும், மேல்தளத்தில் பிரெஞ்சுச் சாயலில் வளைவுகளும் ஒட்டுத்தூண்களும் கொண்ட அந்தக் கலப்பு அழகு ஒரு வீட்டில் மட்டும் நின்றால் எடுபடாது, வீதி முழுக்கத் தொடர்ந்தால்தான் தெரியும். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதுகளில் அந்த வீதிக்கு விருது கிடைத்தது.

ஏன் முகப்புக்கு மட்டும்? தெருவில் நடப்பவர் எல்லாருக்கும் தெரிவது அதுதான் என்பதால், பொதுப்பணம் அங்கே செலவாவதற்கு நியாயம் சொல்ல முடிகிறது. உள்ளே இருக்கும் சமையலறையும் குளியலறையும் உங்கள் சொந்த வசதி. இந்த எல்லைக்கோட்டைப் புரிந்துகொள்ளாமல் மனுப் போடுபவர்கள்தான் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள்.

கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். மொத்த வேலை 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் கூரை, குளியலறை, மின்கம்பி மாற்றம், உட்சுவர் பெயின்ட் எல்லாம் சேர்ந்து 4 லட்சம். மானியத்துக்குத் தகுதியானது மீதி 6 லட்சம்தான். பாதி மானியம் என்றால் வருவது 3 லட்சம், உங்கள் கையிலிருந்து போவது 7 லட்சம். ‘பாதி தருவார்கள்’ என்று கேட்டதும் 5 லட்சத்தை மனத்தில் வைத்து வேலை தொடங்கியவர் கூரை வரும்போது கை ஓய்ந்துவிடுவார். அந்த 3 லட்சமும் முன்கூட்டி வருவது அபூர்வம். வேலை முடிந்து, பில் கொடுத்து, ஆள் வந்து பார்த்த பிறகே தவணையாக வரும். ஆகவே கொத்தனாருக்கு வாரக்கூலி கொடுக்க முழுத்தொகையும் ஒருமுறை உங்கள் பக்கமிருந்து புரள வேண்டும். இதைத் தவிர எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பத்து, பதினைந்து ஒதுக்குங்கள். பழைய வீட்டில் பூச்சைத் தட்டினால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

எங்கள் கருத்து இதுதான்: மானியப் பணம் முகப்புக்குப் போகட்டும், உங்கள் பங்கின் முதல் ரூபாய் கூரைக்கும் தண்ணீர் போகும் வழிக்கும் போக வேண்டும். ஒழுகும் கூரைக்குக் கீழே பூசிய முகப்பு இரண்டு மழைக்காலம் தாங்காது.

மனுவுக்கு வருவோம். இத்தகைய திட்டங்கள் எப்போதும் திறந்திருக்கும் கதவுகள் இல்லை. ஒரு திட்டம் வரும், சில மாதம் மனு வாங்குவார்கள், பணம் தீரும். அறிவிப்பு வந்த பிறகு கோப்பு சேர்க்க ஆரம்பிப்பவருக்கு நேரம் போதாது. எல்லாவற்றிலும் அதிகம் இழுப்பது சொத்துப் பத்திரம். தாத்தா பெயரில் பத்திரம், வரி ரசீது அப்பா பெயரில், குடியிருப்பது சித்தப்பா மகன். இப்படி இருந்தால் வாரிசுச் சான்றிதழும் எல்லாப் பங்காளிகளின் எழுத்துப்பூர்வ சம்மதமும் வேண்டும். ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் கோப்பு நிற்கும். புதுச்சேரியில் இன்னொரு சிக்கல், பங்காளிகளில் பாதிப்பேர் பிரான்ஸில் இருப்பார்கள். அவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். ஆனால் அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தியாக வேண்டும். இதை மறந்து பத்திரத்தை அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து எடுத்து அலைபவர்கள் உண்டு. கீழே கடை வாடகைக்கு விட்டிருந்தால் கடைக்காரரின் சம்மதமும் தேவை, ஏனென்றால் முகப்பை மறைக்கும் பெயர்ப்பலகை அவருடையது.

படங்களைக் கைப்பேசியில் எடுத்தாலே போதும், ஆனால் ஒழுங்காக எடுக்க வேண்டும். எதிர்த் திண்ணையில் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, வேலைக்கு முன், நடக்கும்போது, முடிந்தபின் என மூன்று முறையும் அதே இடத்தில் நின்று எடுங்கள். தாழ்வாரத்தின் ஒவ்வொரு தூண் பாதத்துக்கும் தனிப்படம். பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, ‘டொக்கு டொக்கு’ என்று வெற்றொலி வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு அதையும் எடுங்கள். கெட்டியாக இருக்கும் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பது மானியத்தின் நோக்கத்துக்கே விரோதம். எந்த இடத்தை மட்டும் எடுக்கப் போகிறோம் என்பதற்கு அந்தச் சாக்பீஸ் வட்டம்தான் ஆதாரம்.

மதிப்பீட்டில் ‘முகப்பு வேலை, மொத்தம் இவ்வளவு’ என்று ஒரே வரி எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. அளவு வேண்டும். 30 அடி அகலம், 20 அடி உயரம் உள்ள முகப்பு 600 சதுர அடி. கதவு, சன்னலுக்கு 150 கழித்தால் 450. முக்கால் அங்குலக் கனத்தில் பூச 28 கன அடி சாந்து ஆகும். ஒன்றுக்கு மூன்று கலவையில் சேதாரம் சேர்த்து மணல் சுமார் 32 கன அடி, நீற்றுச் சுண்ணாம்பு சுமார் 11 கன அடி. இப்படி ஒவ்வொரு வேலையையும் அளவோடு எழுதினால், பரிசீலிப்பவருக்கு நம்பிக்கை வரும். நாளை ஒப்பந்தக்காரர் கூடுதல் பில் நீட்டும்போது உங்களுக்கும் பிடி இருக்கும். ஜி.எஸ்.டி. சேர்ந்த தொகையா, சேராத தொகையா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விலைப்புள்ளி மூன்று பேரிடம் வாங்கச் சொல்வார்கள். மிகக் குறைவாகச் சொன்னவர் பெரும்பாலும் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்ட் கணக்கில் சொல்லியிருப்பார்.

அனுமதி எழுத்தில் வருவதற்கு முன் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காதீர்கள். ஏற்கெனவே தொடங்கிய வேலைக்கு மானியம் இல்லை என்பது இத்தகைய திட்டங்கள் பலவற்றிலும் உள்ள விதி. நல்ல நாள் பார்த்துக் கதவு மாற்றிவிட்டேன், மனுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றால் நடக்காது. விழும் நிலையில் ஏதாவது இருந்தால் முட்டுக்கொடுத்து, படம் எடுத்து, எழுத்தில் தெரிவித்துவிட்டுக் காத்திருங்கள்.

இனிச் சிமென்ட். மானியம் நின்றுபோவதற்கும் வீடு கெடுவதற்கும் ஒரே காரணம் இருக்கிறது என்றால் அது இதுதான். இந்த வீடுகளின் சுவர் அச்சுக்கல் எனும் சிறிய செங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்து எழுப்பியது. தரையிலிருந்து ஓதம் ஏறும், ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காய்ந்து வெளியேறும். வீதியில் சாலை போடும்போதெல்லாம் பழையதன் மேலேயே போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, அதனால் ஓதம் முன்பைவிட மேலே ஏறுகிறது. அந்த நேரத்தில் மேலே சிமென்ட் பூசி, பளபளக்கும் வெளிச்சுவர் பெயின்ட்டும் அடித்தால் ஈரத்துக்கு வெளியே வழி இல்லை. பூச்சுக்குப் பின்னால் உப்பு படிந்து, படிகமாகி, அச்சுக்கல்லின் முகத்தையே பொரியவைக்கும். மூன்றாம் வருடம் சிமென்ட் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போது செங்கல்லின் தோலையும் சேர்த்தே உரித்துக்கொண்டு வரும். அது திரும்ப வராத நஷ்டம்.

சுண்ணாம்பு வேலையில் பாதிப் பாடு பொறுமைதான். சுண்ணாம்பை நீற்றி, சலித்து, தண்ணீருக்கு அடியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். சரியாக நீறாத கட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் சுவரில் போன பிறகு ஈரம் பட்டு வெடிக்கும், பூச்சில் அம்மைத் தழும்புபோல் குழி விழும். மணலில் உப்பு இருக்கக் கூடாது. பூசிய சுவருக்கு வெயில் நேராகப் படாமல் சாக்குப் படுதா கட்டி, இரண்டு மூன்று வாரம் ஈரப்பதமாக வைத்திருக்க வேண்டும். காலையில் பூசி மதியம் காயவிட்டால் நூல்நூலாக வெடிப்பு விழும், பிறகு சுண்ணாம்பின் மேல் பழி போடுவார்கள். முழுச் சுவரையும் தொடங்கும் முன் மூன்றடிக்கு மூன்றடியில் மாதிரிப் பட்டை பூசச் சொல்லி, ஒரு மாதம் கழித்துத் தட்டிப் பாருங்கள். மேலே அடிக்க வேண்டியது நிறமண் கலந்த சுண்ணாம்பு வெள்ளை, பால் பதத்தில், மெல்லிசாக மூன்று நான்கு கை. பழைய வண்ணம் எது என்று தெரிய, கதவு நிலைக்கு ஓரமாக ஓர் அங்குலம் சுரண்டினால் அடுக்கடுக்காகத் தெரியும்.

கூரையில் நடக்கும் தவறு வேறு மாதிரி. இந்த வீடுகளின் மொட்டைமாடிக் கூரையான மெட்ராஸ் டெர்ரஸ் என்பது தேக்கு உத்திரத்தின் மேல் குறுக்குக்கட்டைகள், அதன் மேல் சிறிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்-வெல்லத் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதித்தது. ஒழுகுகிறது என்றதும் இருப்பதை எடுக்காமல் அதன் மேலேயே நான்கு அங்குலம் புதிதாக ஜல்லி போடுகிறார்கள். நூறு சதுர அடிக்கு அது ஏறக்குறைய 1,700 கிலோ கூடுதல் பாரம். தாங்க வேண்டியது நூறு வருட உத்திரம். அந்த உத்திரமும் நடுவில் பார்த்தால் இரும்பாக இருக்கும், சுவருக்குள் நுழையும் ஓரடியில்தான் ஈரம் பட்டு உளுத்திருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அந்த முனையில் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முதல் செலவு அங்கேதான். தாழ்வாரத் தூணின் பாதத்தையும் அப்படியே சோதியுங்கள். பாதம் மட்டும் இற்றுப்போயிருந்தால் தூணையே மாற்ற வேண்டாம், கெட்ட பகுதியை அறுத்துவிட்டு அதே மரத்தில் ஒட்டுப்போட்டு, உயர்ந்த கல் பாதத்தில் நிறுத்தலாம். ‘புதுத்தூண் 6’ என்பதைவிட ‘பாதம் ஒட்டு 6’ என்று மதிப்பீட்டில் வந்தால், மனுவைப் பரிசீலிக்கும் குழுவும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ளும், செலவும் குறையும்.

காலமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் பிடித்தால் டிசம்பர் வரை விடாது. தை மாதம் கூரையைப் பிரித்து, ஆவணிக்குள் மேல்வேலையை முடித்துவிட வேண்டும். அனுமதி செப்டம்பரில் வந்தால், அவசரப்பட்டு ஓடுகளைக் கழற்றாமல், மரவேலையைப் பட்டறையில் தொடங்கி, கெடுவை நீட்டிக்கக் கேட்டு அப்போதே கடிதம் கொடுங்கள். கெடு முடிந்த பிறகு கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

கடைசித் தவணை நிற்பதற்குக் காரணங்கள் சிறியவை. கொத்தனாருக்கு ரொக்கமாகக் கொடுத்த கூலிக்கு ரசீது இல்லை, சன்னலுக்குத் தேக்கு என்று ஒப்புக்கொண்டுவிட்டு அலுமினியம் போட்டாயிற்று, புதுப்பூச்சின் மேலேயே ஏசி பெட்டியும் கேபிளும் ஏறிவிட்டன. எந்த மாற்றமானாலும் செய்யும் முன் எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தில் இன்னொரு வரியையும் நிதானமாகப் படிக்க வேண்டும்: குறிப்பிட்ட வருடங்களுக்கு இடிக்கவோ, முகப்பை மாற்றவோ, சில இடங்களில் விற்கவோ கூடாது, மீறினால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றிருக்கும். மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கும் யோசனை இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதை வீட்டில் பேசிவிடுங்கள்.

வேறு வழிகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறோம். 1996இல் தொடங்கிய தேசியப் பண்பாட்டு நிதி பெரும்பாலும் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்கானது, குடும்ப வீட்டுக்கு அதை நம்ப வேண்டாம். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 7ஆம் அட்டவணை வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களின் சீரமைப்பையும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் (சி.எஸ்.ஆர்.) செலவில் சேர்க்கிறது, ஆனால் பயன் பொதுமக்களுக்கு என்று காட்ட வேண்டும். மும்பையிலும் அகமதாபாத்திலும் பாரம்பரியக் கட்டடத்தில் கட்ட முடியாமல் போன பரப்பின் உரிமையை வேறு மனைக்கு விற்கும் டி.டி.ஆர். (மாற்றத்தக்க மேம்பாட்டு உரிமை) வழி இருக்கிறது. பணமாகக் கொடுக்காமல் உரிமையாகக் கொடுக்கும் அந்த ஏற்பாடு, நெருக்கடியான வீதிகளில் வீட்டை இடிக்கும் ஆசையைக் குறைக்கிறது. விற்ற பணம் சீரமைப்புக்கே போகிறதா என்று கண்காணிக்கும் இடத்தில் மட்டும்.

வேலை முடிந்த வீட்டுக்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை, புரட்டாசி கடைசி வாரத்தில் மாடி ஏறுங்கள். தூம்பு வாயில் கிடக்கும் வேப்பிலையை அள்ளுங்கள், கைப்பிடிச் சுவர் ஓரத்தில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்குங்கள், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நிற்கும் இடத்துக்கு நேர் கீழே எந்த உத்திரம் இருக்கிறது என்பதை இறங்கி வந்து குறித்துவையுங்கள்.