பிரஷர் மாத்திரை ஏன் இரண்டாகிறது?

ஒரு மாத்திரையில் ரத்த அழுத்தம் போதிய அளவு இறங்காவிட்டால், அதன் அளவை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மாத்திரை ஒன்றைச் சேர்க்கவே மருத்துவர்கள் பெரும்பாலும் விரும்புகிறார்கள். நோய் முற்றிவிட்டதோ என்று பலர் பயப்படுவார்கள். விஷயம் அதுவல்ல.

இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது, சிறு தமனிகள் அதை எவ்வளவு எதிர்க்கின்றன என்ற இரண்டும் சேர்ந்ததுதான் அழுத்தம். ஒன்றை மருந்தால் தளர்த்தினால் உடல் இன்னொன்றை இறுக்கும். ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகளைப் பாருங்கள். அவை உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். உடனே சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருள் தமனிகளைச் சுருக்கும். இறங்கிய அழுத்தத்தில் ஒரு பங்கு திரும்பி ஏறிவிடும். எனலாப்ரில், ராமிப்ரில் ஆகியவை ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே குறைக்கின்றன. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் ஆகியவை உருவானதை வேலை செய்ய விடுவதில்லை. நீர் மாத்திரையுடன் இவற்றில் ஒன்று சேரும்போது அந்தப் பின்வழி அடைபடுகிறது. (ராமிப்ரில் வகையையும் சார்ட்டன் வகையையும் ஒன்றாகத் தருவதில்லை. கர்ப்ப காலத்தில் இரண்டுமே கூடாது.)

பக்கவிளைவுகளும் இதே இயக்கத்திலிருந்து பிறப்பவைதான். ராமிப்ரில் தடுக்கும் நொதிக்குப் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் வேலையும் உண்டு. அது சிதையாமல் தேங்கும்போது சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது. இருமல் மருந்தால் இது அடங்காது. சார்ட்டன் வகைக்கு மாறினால் பொதுவாக நின்றுவிடும். இன்னொரு வகை பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவு விரிப்பதில்லை. எனவே நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து, கணுக்கால் வீங்குகிறது. உடலில் நீர் மிகுந்ததால் வந்த வீக்கமல்ல என்பதால் நீர் மாத்திரை போட்டாலும் சரியாக வடியாது. 5 மி.கி.யை 10 ஆக்கினால் வீக்கம்தான் கூடுதலாகத் தெரியும். சிரைகளையும் விரிக்கும் டெல்மிசார்ட்டனைச் சேர்த்தால் வீக்கமும் குறையும், அழுத்தமும் இறங்கும்.

அவசரப்பட்டு முடிவெடுக்கவும் கூடாது. அம்லோடிபின் ரத்தத்தில் நிலைபெறவே 7, 8 நாள் ஆகும்; இரண்டாம் நாள் அழுத்தத்தைப் பார்த்து மருந்து கேட்கவில்லை என்பது தவறு. ராமிப்ரிலோ சார்ட்டனோ தொடங்கிய சில வாரங்களுக்குள், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினுக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தப் பரிசோதனை அவசியம். கிரியாட்டினின் 30 சதவீதத்துக்குள் ஏறினால் பொதுவாக மருந்தை நிறுத்துவதில்லை. பொட்டாசியம் ஏறினால்தான் அதிகக் கவனம் தேவை.

அளக்கும் முறையையும் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றி, கையை இதய மட்டத்தில் வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். பருத்த கைக்குக் கருவியின் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

மூட்டு வலிக்குத் தினமும் போடும் டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளை மருத்துவரிடம் பலர் சொல்வதே இல்லை. அவை உப்பைத் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். சார்ட்டன், நீர் மாத்திரை இரண்டோடும் இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால், அதிலும் வாந்தி பேதியால் உடல் வறண்டிருக்கும் நேரத்தில், சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும்.